கிரகரி வாவிக்குப் பெயர் தந்தவர்

இறம்பொடையிலிருந்து மலையேறி நுவரெலியாவுக்குப் போன பாடசாலைச் சுற்றுலாக்களை நம்மில் யார் மறப்போம்? கிரகரி வாவிக் கரையில் சோற்றுப் பார்சலைப் பிரித்த நாம், அந்தக் கிரகரி யார் என்று அன்று கேட்டதில்லை. இம்மலருக்காக அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தோம். நம் தோட்டத்து ஆஸ்பத்திரிகளின் தொடக்கக் கதையும் அதில் இருந்தது.

வில்லியம் கிரகரி 1816 இல் டப்ளினில் பிறந்தார். அயர்லாந்தில் பெருநிலம் உடைய குடும்பம். குதிரைப் பந்தயத்தில் சொத்தில் பெரும் பகுதியை இழந்தார். 1842 இல் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினரானார். அயர்லாந்தைப் பஞ்சம் வாட்டிய 1847 இல், கால் ஏக்கருக்கு மேல் காணி வைத்திருப்போருக்கு அரசாங்க நிவாரணம் இல்லை என்ற விதியைக் கொண்டுவந்தவர் இவரே. உணவுக்காகக் காணியைக் கைவிட்டவர்கள் பலர். கைவிட மனமின்றிப் பட்டினியால் இறந்தவர்களும் பலர். அதே ஆண்டில், பஞ்சப்பட்டோருக்கு உதவப் போன அவருடைய தந்தையும் காய்ச்சல் கண்டு மறைந்தார்.

1872 இல் கிரகரி இலங்கையின் தேசாதிபதியாக வந்தார். அது கோப்பிக் காலம். மன்னாரிலிருந்து நடந்து வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் வழியிலும் லயத்திலும் வாந்திபேதிக்கு இரையானார்கள். நோயாளிக்கு மருந்து கிடைப்பது துரையின் மனதைப் பொறுத்தது. வேலை செய்ய முடியாதவரைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றியதும் உண்டு.

அவ்வாண்டிலேயே கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான சட்டம் நிறைவேறியது. தோட்டங்கள் கூட்டாகச் செலவைச் சுமக்க வேண்டும்; நடத்தும் பொறுப்பு துரைமார் குழுக்களுக்கு. பணம் கொடுக்க வேண்டியவர்களிடமே பொறுப்பும் இருந்ததால் வேலை சரிவர நடக்கவில்லை. கிரகரி 1877 இல் விடைபெற்றார். 1880 இல் புதிய சட்டம் இயற்றி அரசாங்கம் அப்பொறுப்பைத் தன் கைக்கு எடுத்தது. பின்னர் 1912 ஆம் ஆண்டுச் சட்டம், சொந்தமாக வைத்தியசாலை நடத்தும் தோட்டங்களுக்கு அரசாங்கச் சலுகை கிடைக்க வழி செய்தது. ஆஸ்பத்திரி கட்டுவதில் துரைமாருக்கு அப்போது ஆதாயமும் தெரிந்தது.

கொழும்பு நூதனசாலையும் கிரகரி காலத்ததே. அவர் முதல் மனைவி 1873 இல் இங்கே காலமானார். பின்னர் அவர் மணந்த அகஸ்டா, புகழ்பெற்ற அயர்லாந்து நாடகாசிரியை ஆனார். கிரகரி 1892 இல் மறைந்தார்.

அவரை வாழ்த்தவோ வையவோ நாம் இதை எழுதவில்லை. பொதுப் பணத்துக்கு அவர் வைத்த ஒரு நிபந்தனை அயர்லாந்தில் ஏழைகளின் உயிரைக் குடித்தது. இங்கேயோ, ஏழைக்கு மருந்து கொடுப்பதை அவர் காலத்துச் சட்டம் கடமையாக்கியது. ஆனால் அரசாங்கம் முன்வந்து பொறுப்பேற்கும் வரை அந்தக் கடமை பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது.

இன்றும் நம் மலையில் டாக்டர் இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரிகள் உண்டு. பிரசவ வலியோடு லொறியில் கீழே இறங்கிய தாய்மாரை நாம் அறிவோம். நம்மில் தாதியர் இருக்கிறோம், டாக்டர்மார் இருக்கிறோம், அரசாங்க அலுவலகங்களில் கோப்புப் பார்ப்பவர்களும் இருக்கிறோம். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு யார் பணம் தருகிறார்கள், யார் பொறுப்பு என்று கேட்க வேண்டியவர்களும் நாமே. எங்கே இருந்தாலும் கேட்போம், சகோதரிகளே.