கொடுமுடிக் கோகிலமும் அவையச்சமும்

வெலிமடைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் நான் பிறந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு பாட்டுப் பாடும்படி பெரியவர்கள் என்னை மேடையேற்றினார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் பலகைகளை அடுக்கிக் கட்டிய சிறிய மேடை அது. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தார். பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு அப்பால் இருளில் தெரிந்த முகங்களை ஒரு கணம் பார்த்தேன், அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, முழங்கால்கள் நடுங்கின, மனப்பாடமாயிருந்த பாட்டின் முதற் சொல்லே மறந்துபோயிற்று. ஆர்மோனியக்காரர் இரண்டாம் முறையும் சுருதி கொடுத்தார். நான் மேடையிலிருந்து குதித்துத் தேயிலைச் செடிகளுக்குள் ஓடி மறைந்தேன்.

பிற்காலத்தில் முறையாகச் சங்கீதம் பயின்று இசையாசிரியனும் ஆனேன். வகுப்பறையில் பாடுவேன், வீட்டில் பாடுவேன், மேடையில் மட்டும் பாடியதில்லை. அண்மையில், தமிழ்மொழித் தினப் போட்டியில் தனியிசைக்குத் தெரிவாகியிருந்த என் மாணவி ஒருத்தி, போட்டிக்கு மூன்று நாட்களே இருக்கையில் என்னிடம் வந்து, தன் பெயரை நீக்கிவிடும்படி கண்கலங்கி நின்றாள். எனக்கு அந்த மடுவத்து மேடை நினைவுக்கு வந்தது. புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆகவே, நான் பெரிதும் போற்றும் ஒருவருடைய வாழ்க்கையை அவளுக்குச் சொன்னேன். அவர்தாம் கே. பி. சுந்தராம்பாள். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டுக் கிராமபோனிலிருந்து லயங்கள் வரையில் கேட்ட குரல் அது. அந்தக் குரலுக்கும் அச்சம் என்று ஒன்று இருந்திருக்குமோ என்று அன்று நான் எண்ணிப்பார்த்ததே இல்லை.

1908ஆம் ஆண்டு, காவேரிக் கரையிலுள்ள கொடுமுடியில் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். தந்தையின் ஆதரவில்லாத குடும்பம். வறுமை மிகக் கொடியது. பிள்ளையின் குரலைக் கேட்டவர்கள் அவரை வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் குழந்தையின் வேடமே அவருக்கு முதலில் கிடைத்தது என்பர். பசி அவருக்கு நடிப்பன்று. சபையின் முன் நின்று தன்னைப் பற்றிக் கூச்சப்படுவதற்கு அந்தச் சிறுமிக்கு அவகாசமே இருந்திராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் பாடினால் வீட்டில் உலை கொதிக்கும், பாடாவிட்டால் இல்லை.

அக்காலத்துத் தமிழ் நாடகக் குழுக்களுக்கு இலங்கை இன்னொரு தாய்வீடு போல விளங்கியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. எங்கள் முன்னோர் பலர் தோட்டங்களுக்கு வந்த அதே கடல்வழியாக நாடகக்காரரும் வந்தனர். சுந்தராம்பாளும் இளம் வயதிலேயே கடல் கடந்து கொழும்பு மேடைகளில் பாடிப் பெயர் பெற்றார்.

அந்த மேடையின் இயல்பை இக்காலத்து மாணவர் அறிந்துகொள்ள வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. விடிய விடிய நாடகம் நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்றால், வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், வேலனாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும் வந்து சேருவார்கள். ஒத்திகை என்பதே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பாடல்களை இருவரும் அறிந்திருப்பார்கள். ஆனால் தர்க்கம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது இருவருக்கும் தெரியாது. ஒருவர் ஒரு ஸ்தாயியில் பாடி நிறுத்தினால், மற்றவர் அதற்குமேல் ஏறியாக வேண்டும். தோற்றவரைச் சபை ஈவிரக்கமின்றிக் கேலி செய்யும்.

இத்தகைய மேடையில்தான், 1920களின் நடுப்பகுதியில், கொழும்பிலே செங்கோட்டை கிட்டப்பாவை அவர் சந்தித்தார். கிட்டப்பா 1906இல் பிறந்தவர். பால பருவத்திலேயே மேடையேறி, கன்னையா நாடகக் கம்பெனியில் புகழின் உச்சியை எட்டியவர். உச்ச ஸ்தாயியில் அவர் குரல் நிற்கும் அழகுக்கு ஈடில்லை என்று அக்கால ரசிகர்கள் கொண்டாடினார்கள். இருவரையும் ஒரே மேடையில் பாடவைக்க ஏற்பாடாயிற்று. அவருக்கு எதிரே நின்று பாடினால் இத்தனை நாள் சேர்த்த பெயர் போய்விடும் என்று சுந்தராம்பாளைச் சிலர் அச்சுறுத்தினர் என்றும், கிட்டப்பாவின் காதிலும் அவ்வாறே சிலர் ஓதினர் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்கி வந்தது. ஆயினும் இருவரும் மேடையேறினார்கள். ஒருவரை ஒருவர் வீழ்த்துவார்கள் என்று எதிர்பார்த்து வந்த சபை, ஒருவர் மற்றவரை மேலும் மேலும் உயர்த்துவதைக் கண்டது. அந்த ஜோடியின் புகழ் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பரவிற்று.

இந்த இடத்தில் என் மாணவி ஒரு கேள்வி கேட்டாள். அப்படியானால் அவருக்குப் பயமே இருந்ததில்லையா என்றாள். அப்படி நான் நினைக்கவில்லை. உலகம் போற்றிய வயலின்செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ், 96 வயது வரையில் வாழ்ந்தவர். மேடையச்சம் தம்மை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அச்சம் இருக்கும்போது மூச்சு மேலோட்டமாகிறது, தொண்டை இறுகுகிறது, கவனம் முழுவதும் தன்மேலேயே குவிகிறது. நான் எப்படித் தெரிகிறேன், தவறிவிடுவேனோ, சிரிப்பார்களோ என்ற எண்ணங்கள் பாட்டைத் தள்ளிவிட்டு அதன் ஆசனத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. ஒலிபெருக்கியில்லாத மேடையில் பாடியவருக்கோ, கடைசியில் மணலில் உட்கார்ந்திருப்பவன் காதில் சொல் தெளிவாக விழவேண்டும் என்ற ஒரே கவலைதான். அதற்கு மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்தாக வேண்டும். கவனத்தைத் தன்னைவிட்டு வெளியே அனுப்பியாக வேண்டும். அச்சத்துக்கு மருந்தும் அதுவேதான்.

சுந்தராம்பாளுக்குப் பெரிய சோதனை இதற்குப் பிறகுதான் வந்தது. கிட்டப்பா முன்னரே மணமானவர். ஆயினும் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். அந்த இல்வாழ்க்கை இனிமையாக நீடிக்கவில்லை. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. மனவருத்தமும் பிரிவும் நேர்ந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2ஆம் திகதி, 27ஆம் வயதில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்று உடுத்த வெள்ளைச் சேலையை அவர் பின்னர் களையவேயில்லை. இனி எந்த ஆடவரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, மேடையைத் துறந்து ஒதுங்கியிருந்தார்.

சபைக்கு அஞ்சி ஒதுங்குவது ஒன்று. துயரத்தால் ஒதுங்குவது இன்னொன்று. ஆனால் திரும்பி வரும் வழி இரண்டுக்கும் ஒன்றே. பக்கத்தில் துணைநின்ற குரல் இல்லாத மேடையில், அந்தக் குரலை நினைத்துக் கண்ணீர் விடும் ரசிகர்களுக்கு எதிரே, தனியாக நின்று பாடுவது எளிதா? தீரர் சத்தியமூர்த்தி முதலிய தேசத் தொண்டர்கள் அவரை மீண்டும் அழைத்தார்கள். விடுதலை இயக்கத்துக்காக அவர் கூட்டங்களில் பாடினார். கச்சேரி மேடையிலும் தனித்தே அமர்ந்தார்.

பிறகு சினிமா அழைத்தது. விருப்பமில்லாத அவர், கேட்டவர்கள் திரும்பிப் போய்விடட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கேட்டார் என்பர். அந்நாளில் கேள்விப்படாத அத்தொகையையும் தயாரிப்பாளர் கொடுக்க இசைந்தார். 1935இல் வெளிவந்த நந்தனாரில், ஆடவரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற விரதத்துக்குப் பங்கமின்றி, நந்தனார் வேடத்தையே அவர் ஏற்றார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர் தோன்றினார். படத்தை விமரிசகர்கள் கேலி செய்தார்கள். பொல்லாத பேனா படைத்த கல்கியும் விட்டுவைக்கவில்லை. அவர் பாடுவதை நிறுத்தவில்லை. 1940இல் மணிமேகலை, 1953இல் ஔவையார், 1964இல் பூம்புகார், 1965இல் திருவிளையாடல் என்று அந்தக் குரல் தலைமுறைகளைக் கடந்தது. சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார், 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980இல் மறைந்தார்.

வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார், அது 73ஆவது. அதற்கு முந்தியதாக அவர் வைத்தது அவையறிதல். இந்த வரிசை தற்செயலானதென்று நான் கருதவில்லை. எதிரே இருப்பவர் யார், அவருக்கு நாம் எதைக் கொடுக்கப்போகிறோம் என்று அறிந்தவனுக்கே அஞ்சாமை கைகூடும். சுந்தராம்பாளின் வாழ்வில் நான் கண்டது அதுவே. சிறுமியாயிருந்தபோது வீட்டின் பசியும், இளமையில் கலையின் மானமும், துயரத்துக்குப் பின் தேசத்தின் அழைப்பும் அவருக்குத் தம்மைவிடப் பெரியவையாக இருந்தன.

போட்டியன்று, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தன் தாயாருக்கு மட்டும் பாடும்படி என் மாணவியிடம் சொன்னேன். அவள் தாயார் அன்று அரைநாட் சம்பளத்தை இழந்து வந்திருந்தார். முதலடியில் குரல் நடுங்கிற்று. விரல்கள் பாவாடையைப் பற்றிக்கொண்டன. இரண்டாம் அடியில் மூச்சு இறங்கிற்று. அனுபல்லவியில் அவள் கண்கள் மண்டபத்தின் கடைக்கோடியில் நிலைத்துவிட்டன. பரிசு வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. அதைப்பற்றி அவளும் தாயாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, நான் கடைசியாக எந்த மேடையில் பாடினேன் என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் எங்கள் தோட்டத்துக் கோயிற் பரிபாலன சபையாரிடம் போய், வருகிற திருவிழாவுக்கு ஒரு பாட்டுப் பாட என் பெயரையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். மடுவத்து வாசலில்தான் இப்போதும் மேடை கட்டுகிறார்கள். இதை எழுதும்போதும் என் கை சிறிது நடுங்குகிறது.