ரெட் பேரன் யாருடைய பேரன்?

ஸ்நூப்பியைத் தெரியுமா குட்டீஸ்? அமெரிக்க ஓவியர் சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த, 'பீநட்ஸ்' படக்கதையில் வரும் வெள்ளை நாய். தன் மரக்கூண்டின் கூரை மீது ஏறி உட்கார்ந்து, கண்களில் பெரிய கண்ணாடி மாட்டி, கழுத்தில் துணியைச் சுற்றிக் கொண்டு, தன்னை ஒரு போர் விமானியாகக் கற்பனை செய்து கொள்ளும். கூண்டுதான் விமானம்! வானத்தில் ஒரு பயங்கர எதிரியோடு சண்டை நடக்கும். பெரும்பாலும் தோற்றுப் போவது ஸ்நூப்பிதான். கடைசியில் பாவம், கூண்டெல்லாம் குண்டு துளைத்த ஓட்டைகளோடு, முஷ்டியை உயர்த்தி எதிரியைத் திட்டும்.

அந்த எதிரியின் பெயர், ரெட் பேரன். 1965ல் துவங்கிய இந்தச் சண்டையில், எதிரியின் முகத்தைப் படக்கதையில் ஒரு முறை கூட ஷுல்ஸ் வரைந்து காட்டவில்லை.

கார் பந்தயம் பார்க்கும் அண்ணன்களைக் கேட்டால், வேறு ஒரு ரெட் பேரனைச் சொல்வர். ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் ஷூமேக்கர். 1996 முதல் 2006 வரை பெராரி நிறுவனத்தின் சிவப்புக் காரை ஓட்டி, 2000 முதல் 2004 வரை தொடர்ந்து ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவர். அவருக்கும் இதே பட்டப்பெயர்தான். அமெரிக்காவில் ஒரு பீட்சாவுக்கும் இந்தப் பெயரை வைத்து விட்டனர்!

'பேரன்' என்றதும், எந்தத் தாத்தாவின் பேரன் என்று கேட்காதீர்கள். ஐரோப்பாவில் பிரபுக் குடும்பத்தினருக்கு உரிய பட்டம் அது. ரெட் பேரன் என்றால், 'சிவப்புப் பிரபு' என்று வைத்துக் கொள்ளலாம். நாய்க்கு எதிரியாகவும், கார் வீரருக்குப் பட்டமாகவும் ஆகி விட்ட இந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரர், நிஜமாகவே வாழ்ந்த ஒரு மனிதர். பெயர், மான்பிரட் வான் ரிக்தோபன். பெயரிலேயே 'வான்' இருக்கிறது பாருங்கள்!

அவர், 1892, மே 2ம் தேதி பிறந்தார். ஊர், அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரை ஒட்டியது. இன்று அது போலந்து நாட்டின் விராட்ஸ்வாப் நகரம். அப்பா ராணுவ அதிகாரி. ஓர் அக்கா, இரண்டு தம்பிகள். மான்பிரட்டுக்கு, 11 வயதானதும், ராணுவப் பள்ளியில் கொண்டு போய்ச் சேர்த்து விட்டனர். அங்கே கட்டுப்பாடு அதிகம். அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. படிப்பில் தேர்ச்சிக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான் படிப்பான். மரம் ஏறுவது, குதிரை ஓட்டுவது, வேட்டையாடுவது என்றால் மட்டும் உற்சாகம் வந்து விடும். ஒருநாள், அந்த ஊர் சர்ச் கோபுரத்தின் மீது ஏறி, உச்சியில் இருந்த இடிதாங்கியில் தன் கைக்குட்டையைக் கட்டி விட்டு வந்தான். நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!

படிப்பு முடிந்ததும் குதிரைப்படையில் சேர்ந்தார். 1914ல் முதல் உலகப்போர் துவங்கியது. ஆனால், குதிரை வீரர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போய் விட்டது. பதுங்கு குழி, முள்கம்பி வேலி, இயந்திரத் துப்பாக்கி... இவற்றின் நடுவே குதிரையை எங்கே ஓட்டுவது? ரிக்தோபனை, சாமான்கள் சேகரிக்கும் பிரிவுக்கு அனுப்பினர். வெறுத்துப் போன அவர், விமானப் படைக்கு மாற்றக் கேட்டு, 1915ல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

உலகமே வியந்த விமானி, முதல் முறை தனியாக விமானம் ஓட்டியபோது என்ன செய்தார் தெரியுமா? தரை இறங்கும்போது விமானத்தை மோதி உடைத்து விட்டார்! விமானி தேர்விலும் முதலில் தோல்வி. விடாமல் முயன்று, 1915, டிசம்பர் 25ம் தேதி, கிறிஸ்துமஸ் அன்றுதான் தேறினார்.

அந்தக் காலத்து விமானம் இன்றைய விமானம் போல அல்ல. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, வர்ணம் பூசியிருப்பர். மேலே கூரை இல்லை. குளிர்காற்று முகத்தில் அறையும். பெரும்பாலான விமானிகளிடம் பாராசூட்டும் கிடையாது. விமானம் தீப்பிடித்தால் அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். மூக்கில் சுழலும் விசிறிக்குப் பின்னால் இருந்துதான் துப்பாக்கி சுட வேண்டும். விசிறியில் குண்டு படாதா? அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தனர். இயந்திரத்தோடு துப்பாக்கியை இணைத்து, விசிறியின் இறக்கை குழாய்க்கு நேராக வரும் கணத்தில் மட்டும் குண்டு வெளியேறாதபடி செய்தனர். இறக்கைகளுக்கு இடையே குண்டுகள் பாய்ந்து போகும்.

ஓஸ்வால்ட் போல்கே என்ற புகழ் பெற்ற ஜெர்மானிய விமானி, 1916ல் ரிக்தோபனைத் தன் படையில் சேர்த்துக் கொண்டார். சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக் கொண்டு தாக்கு. எதிரிக்குக் கண் கூசும். மிக அருகில் போன பிறகே சுடு. இப்படிப் பல பாடங்களைக் கற்றுக் கொடுத்தார் போல்கே. அதே ஆண்டு அக்டோபரில், தன் படை விமானம் ஒன்றே மோதி, குரு இறந்து போனார்.

அதற்கு முன்பே, செப்டம்பர் 17ம் தேதி, ரிக்தோபன் தன் முதல் வெற்றியைப் பெற்றிருந்தார். வெற்றி என்று எழுதி விட்டேன். விழுந்தது ஒரு பிரிட்டிஷ் விமானம். அதில் இருந்தவர்கள் லியோனல் மோரிஸ், டாம் ரீஸ். இருவருமே இறந்தனர். மோரிசுக்கு வயது, 19 தான்.

ரிக்தோபன், பெர்லின் நகைக்கடைக்காரர் ஒருவரிடம், சின்ன வெள்ளிக் கோப்பை ஒன்று செய்யச் சொன்னார். அதில் அந்தத் தேதியும், விமானத்தின் வகையும் பொறிக்கப்பட்டன. அதன்பின், ஒவ்வொரு விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதும், ஒரு கோப்பை! வேட்டைக்காரர்கள் மான் கொம்பை வீட்டுச் சுவரில் மாட்டி வைப்பது போல, விழுந்த விமானங்களின் எண் எழுதிய துணிகளை வெட்டி எடுத்து, அறையில் மாட்டினார். ஒரு விமானத்தின் இயந்திரம், அவர் அறையில் தொங்கும் விளக்காக மாறியது. நவம்பரில், பிரிட்டனின் மிகச் சிறந்த விமானிகளில் ஒருவரான லானோ ஹாக்கரோடு வெகுநேரம் வட்டமடித்துச் சண்டையிட்டு, அவரையும் வீழ்த்தினார். ஹாக்கரின் துப்பாக்கி, ரிக்தோபனின் கதவுக்கு மேலே ஏறியது. கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது இல்லையா?

ஜனவரி 1917ல், ஒரு படைப்பிரிவுக்கே தலைவர் ஆனார். ஜெர்மனியின் மிக உயர்ந்த வீர விருதும் கிடைத்தது. அப்போதுதான் தன் விமானத்துக்குச் சிவப்பு வர்ணம் அடித்தார். போரில் எல்லாரும் எதிரியின் கண்ணில் படாமல் மறையப் பார்ப்பர். இவரோ, மைல் கணக்கில் தள்ளி இருந்தாலும் தெரியும் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர் படையினரும் தங்கள் விமானங்களில் சிவப்பைச் சேர்த்துக் கொண்டனர். தம்பி லோதரும் அதே படையில் விமானி. சிவப்போடு மஞ்சளும் கலந்து அடித்துக் கொண்டார்.

அந்த ஆண்டு ஏப்ரலில் மட்டும், 20க்கும் மேற்பட்ட விமானங்களை வீழ்த்தினார் ரிக்தோபன். 29ம் தேதி ஒரே நாளில் நான்கு! பிரிட்டிஷ் விமானப் படை அந்த மாதத்தை, 'ரத்த ஏப்ரல்' என்றே இன்றும் நினைவு வைத்திருக்கிறது.

ஜெர்மனியில் அவர் படம் போட்ட தபால் அட்டைகள் விற்றுத் தீர்ந்தன. 'சிவப்புப் போர் விமானி' என்ற தலைப்பில், அவர் வாழ்க்கையை அவரையே எழுத வைத்து, 1917ல் புத்தகமாக வெளியிட்டனர். அந்தப் புத்தகத்தில் அவர் மிக ஆசையாக எழுதியிருப்பது எதைப் பற்றி தெரியுமா? மோரிட்ஸ் என்ற தன் நாயைப் பற்றி! பெல்ஜியத்தில் வாங்கிய பெரிய ஜாதி நாய். ஒரு முறை அதை விமானத்தில் கூட ஏற்றிச் சென்றிருக்கிறார். விமானங்களைத் துரத்திக் கொண்டு ஓடும் கெட்ட பழக்கம் அதற்கு. ஒருநாள், சுழலும் விசிறி பட்டு, காதில் கொஞ்சம் போய் விட்டது. ஸ்நூப்பிக்கு இந்தச் சங்கதி தெரிந்திருந்தால், எதிரியிடம் கொஞ்சம் கோபம் குறைந்திருக்குமோ என்னவோ!

ஜூலை 6, 1917. பிரிட்டிஷ் விமானம் ஒன்றை நெருங்கியபோது, ரிக்தோபனின் தலையில் குண்டு உரசியது. அந்த நொடியே கண் தெரியவில்லை. கை, கால் அசையவில்லை. விமானம் கீழே விழுந்து கொண்டிருக்கிறது. நல்லவேளையாக மெல்லப் பார்வை திரும்ப, எப்படியோ ஒரு வயலில் இறக்கி விட்டார். தலையில் அறுவை சிகிச்சை செய்து, எலும்புச் சிதறல்களை எடுத்தனர். காயம் முழுசாக ஆறும் முன்பே மீண்டும் பறக்கக் கிளம்பி விட்டார். அதன்பின் பறந்து விட்டு இறங்கினாலே தலைவலியும், குமட்டலும்.

அவர் குணமும் மாறிப் போனது. தான் எழுதிய புத்தகத்தைப் படித்துப் பார்த்தவருக்கு, அதில் இருந்த ஆணவம் பிடிக்கவில்லை. தான் இப்போது அந்த ஆள் இல்லை என்று தனியாக எழுதி வைத்தார். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் மனம் சோர்ந்து போவதையும் அதில் குறிப்பிட்டார். தபால் அட்டையில் இருக்கும் சிவப்பு வீரனுக்கும், அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் 25 வயது இளைஞருக்கும் நடுவே, பெரிய தூரம் விழுந்து விட்டது. பறப்பதை விட்டு விட்டு, தரையில் வேலை பார்க்கலாம் என்று மேலிடம் சொல்லிப் பார்த்தது. பதுங்கு குழியில் கிடக்கும் சாதாரண சிப்பாய்க்கு அப்படி ஒரு வசதி இல்லையே என்று மறுத்து விட்டார்.

வெள்ளிக் கோப்பைகளும், 60 ஆனதும் நின்று விட்டன. போரில் ஜெர்மனியில் வெள்ளிக்கே பஞ்சம்! வேறு உலோகத்தில் செய்து தருவதாக நகைக்கடைக்காரர் சொன்னார். ரிக்தோபன் வேண்டாம் என்று விட்டார்.

ரெட் பேரன் என்றதும் எல்லாரும் வரைவது, மூன்று அடுக்கு இறக்கை கொண்ட சிவப்பு பாக்கர் விமானத்தைத்தான். உண்மையில், அவர் வீழ்த்திய, 80 விமானங்களில், பாக்கரில் பறந்து வீழ்த்தியவை, 19 மட்டுமே. ஏப்ரல் 20, 1918ல் வீழ்த்திய, 80வது விமானத்தின் விமானி டேவிட் லூயிஸ் உயிர் பிழைத்து, முதுமை வரை வாழ்ந்தார்.

மறுநாள் காலை, பிரான்சில் சொம் நதிப் பக்கம் சண்டை. வில்பிரிட் மே என்ற கனடா விமானிக்கு அதுதான் முதல் சண்டை. அனுபவம் இல்லாத அவர், தப்பித்து ஓடினார். ரிக்தோபன் அவரை விரட்டினார். எதிரி எல்லைக்குள் தாழ்வாகப் பறந்து, ஒரே விமானத்தைத் துரத்தக் கூடாது என்பது, தன் படையினருக்கு அவரே சொல்லும் பாடம். அன்று அதை அவரே மறந்தார். தலைக்காயம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். காற்றும் அன்று வழக்கத்துக்கு மாறாக, கிழக்கில் இருந்து வீசி, அவரை எதிரிப் பக்கமே தள்ளியது. மேயைக் காப்பாற்ற, ராய் பிரவுன் என்ற இன்னொரு கனடா விமானி மேலிருந்து பாய்ந்து சுட்டார். கீழே இருந்து ஆஸ்திரேலிய வீரர்களும் சுட்டனர். சிவப்பு விமானம், ஒரு கிழங்கு வயலில் இறங்கியது. உள்ளே ரிக்தோபன் இறந்திருந்தார். 26வது பிறந்த நாளுக்கு, 11 நாட்கள்தான் இருந்தன.

பாய்ந்தது ஒரே ஒரு குண்டு. சுட்ட பெருமையைப் பிரிட்டிஷ் விமானப் படை, பிரவுனுக்குக் கொடுத்தது. ஆனால், குண்டு வலது பக்கமாக நுழைந்து, இடது மார்புப் பக்கம் வெளியேறியிருந்தது. அவ்வளவு பெரிய காயத்தோடு அதிக நேரம் பறந்திருக்கவும் முடியாது. பிரவுன் சுட்டு வெகுநேரம் கழித்துத்தான் விமானம் இறங்கியது. அதனால், தரையில் இருந்து சுட்ட ஆஸ்திரேலிய வீரரின் குண்டே அது என்று, இன்று பலரும் நம்புகின்றனர்.

செய்தி பரவியதும், வீரர்கள் ஓடி வந்து, ஞாபகார்த்தமாக விமானத்தின் துணியைக் கிழித்து எடுத்துப் போயினர். அவர் மற்றவர் விமானத்துக்குச் செய்தது, அவர் விமானத்துக்கே நடந்தது.

மறுநாள், பெர்டாங்கிள் கிராமத்தில், ஆஸ்திரேலிய விமானப் படையினர் அவரை ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தனர். சவப்பெட்டியைச் சுமந்தவர்கள், எதிரிப் படை அதிகாரிகள் ஆறு பேர். வானை நோக்கித் துப்பாக்கிகள் முழங்கின. மலர் வளையங்கள் வைத்தனர்.

அதன்பின், பிரான்சிலேயே வேறு ஒரு கல்லறைக்கு உடலை மாற்றினர். 1925ல் கடைசித் தம்பி போல்கோ அதை பெர்லினுக்குக் கொண்டு வந்தார். 1975ல் வீஸ்பாடன் நகரில் உள்ள குடும்பக் கல்லறைக்கு மாற்றினர். தம்பி லோதரும், போரில், 40 விமானங்களை வீழ்த்தியவர். போர் முடிந்து, 1922ல், ஒரு விமான விபத்தில் இறந்தார்.

இந்த மாதிரி இளைஞரின் பெயர் எப்படி நாயின் விளையாட்டுக்கு வந்தது? ஷுல்சின் மகன் மாண்டி, பொம்மை விமானம் ஒன்றைச் செய்து கொண்டிருந்தபோதுதான், அந்த யோசனை தோன்றியதாம். இரண்டாம் உலகப்போரில் சிப்பாயாக இருந்தவர் ஷுல்ஸ்.

அம்மா குனிகுண்டே, தாங்கள் வாழ்ந்த ஸ்வைட்னிட்ஸ் நகர வீட்டை, 1933ல் மகனுக்கான அருங்காட்சியகமாக ஆக்கினார். கதவுக்கு மேலிருந்த துப்பாக்கி, வெள்ளிக் கோப்பைகள், துணிகள் எல்லாம் அங்கே இருந்தன. 1945ல் ரஷ்யப் படைகள் வந்தபோது, அவையெல்லாம் சிதறிப் போயின. ஊர் போலந்துக்குப் போனது. ஸ்விட்னிட்சா என்ற புதுப் பெயரோடு இருக்கும் அந்த ஊரில், வீடு மட்டும் நிற்கிறது.