பாலைக்கு வழிகண்ட சாரதி

மோட்டார் ஓட்டுபவரைச் சாரதி என்று அழைப்பது ஈழத்தில் நம் வழக்கம். கண்ணபிரானுக்கும் உரிய பெயர் அது. அப்பெயரைக் கேட்குந்தோறும் என் நினைவில் எழுபவர் நார்மன் நேர்ன் என்னும் நியூசீலாந்தர். அரசர்க்கும் புலவர்க்கும் சரிதம் எழுதுவோர் பலர். வண்டியோட்டிக்கு எழுதுவோர் அரியர். ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கிறேன்.

தென்தீவிலுள்ள பிளெனிம் அவரது ஊர். போருக்கு முன் தம்பி ஜெரால்டுடன் அங்கே மோட்டார் சைக்கிள் வாணிகம் நடத்தினார். முதலாம் உலகப் போரில் இருவரும் மத்திய கிழக்கிலே படைப்பணி புரிந்தனர். கல்லிலும் மணலிலும் வண்டி செலுத்தும் வித்தை ஆங்கே கைவந்தது. 1918இல் போர் ஓய்ந்தபின் பெய்ரூத்தில் மோட்டார் விற்க முற்பட்டனர்; அது பயன்படவில்லை. பின்பு பெய்ரூத்துக்கும் ஹைபாவுக்கும் இடையே ஆளேற்றி ஓட்டினர். பிழைப்புக் கெடுமென்று குதிரைவண்டிக்காரர் பகைத்தனர். அவர்தம் சினத்தை யான் பழிக்கமாட்டேன். வயிற்றுப்பாடு எவர்க்கும் பொது.

அந்நாளிற் பக்தாத்திலிருந்து இலண்டனுக்குக் கடல்வழி செல்லும் தபால், பாரசீகக் குடாவாற் பம்பாய் வந்து, சுயெசுக் கால்வாய் கடந்து போய்ச்சேர வாரங்கள் பல கழியும். குறுக்கே கிடந்தது சிரியப் பாலைநிலம். தமாஸ்கசுக்கும் பக்தாத்துக்கும் இடைத்தூரம் ஐந்நூறு மைலுக்கு மேற்படும். ஒட்டகங்கள் நடந்த அந்நிலத்தை 1923 ஏப்ரலில் நேர்ன் சகோதரர் மோட்டார்களிற் கடந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே தபாலும் பயணிகளும் ஒழுங்காகச் செல்லலாயின. முதற் பயணங்களில் நார்மன் தாமே வண்டியோட்டினார்.

பாலை என்றதும் நாம் மணற்குன்றுகளையே எண்ணுகிறோம். அந்நிலத்தின் பெரும்பகுதியோ பருக்கைக்கல் இறுகிய வெட்டவெளி. வெயிற்காலத்திற் சக்கரம் தடையின்றி ஓடும். மழை பெய்தாலோ சேறு அச்சுவரை விழுங்கும். போட்ட தெரு இல்லை. முன்சென்ற வண்டியின் தடமே வழி. நடுவழியில் யந்திரம் நின்றால் ஏறியிருப்போர் உயிருக்கே மோசம். ஆகவே வண்டிகள் கூட்டமாய்ச் சென்றன; நீரும் எரிநெய்யும் உதிரிப் பாகங்களும் உடன் சென்றன. சங்ககாலத்து உமணர் தம் உப்புவண்டியின் கீழே வேறோர் அச்சையும் கட்டிச் சென்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். மாணாக்கர் அச்சொல்லுக்குப் பொருள் விளங்காது விழிக்கும்போது யான் நேர்னின் வண்டிகளையே எடுத்துக்காட்டுவது வழக்கம்.

பாலைத்திணைக்கு ஆறலைகள்வரும் உரியர் அல்லவா? குலத்தலைவர்களுக்குப் பொன் கொடுத்தே சகோதரர் காவல் பெற்றனர். 1925இற் சிரியாவில் துரூசுக் கிளர்ச்சி மூண்டது. தமாஸ்கஸ் வழி இடர்ப்பட்டது, வண்டிகள் தாக்குண்டன. சேவையைக் கைவிடாது அம்மான் வழியாகச் சுற்றிச் சென்றனர். போரிற் பெற்ற நெஞ்சுரத்தை மனிதரைக் கொல்ல அன்றி, கொண்டுசேர்க்கப் பயன்படுத்திய இச்செயலையே யான் அவருடைய பெருமைகளுள் தலையாயதாகக் கொள்வேன்.

பாதிவழியிலுள்ள ருத்பாவில் கிணறும் கோட்டையும் இருந்தன. அங்கே பயணிகள் உண்டு இளைப்பாறினர். துப்பறியும் கதைகளால் நம் மாணாக்கரும் அறிந்த அகதா கிறிஸ்தி 1928இல் இவ்வழியே பக்தாத் சென்றார். நாளடைவிற் சிறிய கார்களுக்குப் பதிலாகப் பெரிய பஸ்கள் வந்தன. 1930களின் பிற்பகுதியிற் குளிரூட்டிய பஸ்களும் ஓடின. ஒட்டகத்துக்கு வாரங்கள் பிடித்த வழி ஒருநாளுக்குள் அடங்கிற்று. ஒட்டகக்காரர் வருவாய் குன்றியது. அவர் கால்தேய நடந்து கண்ட வழியறிவின் துணையின்றி மோட்டார் அங்கே புகுந்திராது என்பதையும் சரிதம் எழுதுவோர் சொல்லுதல் வேண்டும்.

வானூர்திப் போட்டியும் அரசியல் மாற்றங்களும் நெருக்க, 1950களின் இறுதியில் அந்த நிறுவனம் ஒழிந்தது. நார்மன் 1960களில் காலமானார். தம்பி அவருக்குப் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார். பக்தாத்திலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை இன்றும் ருத்பாவை அடுத்தே செல்கின்றது.