தண்ணீரில் ஈயம் இருக்கா? பாதரசத் துளியிடம் கேட்ட ஹெய்ரோவ்ஸ்கியின் கதை

உங்கள் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை. ஆனாலும் ஆலைக் கழிவிலிருந்து வந்த ஈயம் அதில் கலந்திருக்கலாம். ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய தர நிர்ணய அமைவனம். இவ்வளவு குறைந்த அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அதற்கு ஒரு வழியைத் திறந்தவர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி.

1890-ல் பிராகில் பிறந்தவர். லண்டனில் படித்தார். முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1918-ல் முனைவர் பட்ட வைவாவில், பேராசிரியர் குச்செரா பாதரசத் துளிகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத்தைச் சேகரித்து எடைபோடுவதிலேயே சில வருஷம் போனது. 1922 பிப்ரவரியில் அவர் ரூட்டை மாற்றினார். துளியை எடைபோடாமல், அதன் வழியே பாயும் மின்சாரத்தை அளந்தார்.

விஷயம் எளிதுதான். மின்னழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஈயத்துக்கு ஓர் அழுத்தம், காட்மியத்துக்கு வேறொன்று, துத்தநாகத்துக்கு இன்னொன்று. அந்தந்தப் புள்ளியில் மின்னோட்டம் சட்டென்று எகிறும். எந்த இடத்தில் எகிறுகிறது என்பது உலோகம் எது என்று காட்டும்; எவ்வளவு உயரம் என்பது அளவைக் காட்டும். ஒவ்வொரு துளியும் புதுசு என்பதால் முந்தைய அழுக்கு ஒட்டாது.

1924-ல் ஜப்பானியர் மசுசோ ஷிகாட்டாவுடன் சேர்ந்து இதைத் தானாகவே பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். அதுதான் போலரோகிராஃப். 1959-ல் வேதியியல் நோபல் வந்தது. 1967-ல் காலமானார்.

ஆனால் இரண்டு சிக்கல்கள் மிச்சம். அவர் காலத்துக் கருவியால் இன்றைய 0.01 வரம்பைத் தொட முடியாது. பின்னால் வந்தவர்கள் உலோகத்தைச் சில நிமிடம் மின்முனையில் சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாக வெளியேற்றி அளந்தார்கள். வரம்பு கைக்கு எட்டியது. இன்னொன்று, பாதரசமே நச்சு. அதனால் இப்போது பிஸ்மத் பூசிய கார்பன் பட்டைகள் அந்த இடத்துக்கு வருகின்றன. சின்னக் கருவியோடு கால்வாய்க் கரையிலேயே சோதிக்கலாம்.

துளி போய்விட்டது, கேள்வி அதேதான். அடுத்த முறை உங்கள் ஏரியா தண்ணீர் ரிப்போர்ட் கைக்கு வந்தால், தெளிவா இருக்கான்னு பார்க்காதீங்க. ஈயம் எவ்வளவு, எந்த முறையில் அளந்தாங்க என்று கேளுங்க.