காணாமலே கண்டவர்

தை மாதத்து நள்ளிரவில் தெற்கு வானில் எல்லா விண்மீன்களையும் விஞ்சி ஒளிர்வது சிரியஸ். அதற்குக் கண்ணுக்குப் புலனாகாத துணை ஒன்று உண்டென்று 1844இல் அறிவித்தவர் பிரெடரிக் வில்ஹெல்ம் பெஸ்ஸல். அத்துணையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

1784இல் ஜெர்மனியின் மிண்டன் நகரில் பிறந்தார். பள்ளியில் லத்தீன் அவருக்கு வேம்பாய்க் கசந்தது. பதினான்காம் வயதிலேயே படிப்பை விட்டு, பிரெமன் துறைமுகத்து வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் வணிகத்துக்கு உதவுமென்று மாலுமிக் கலையைப் பயின்றார். அது அவரை வானியலில் கொண்டுபோய் விட்டது. பகலில் பேரேடு, இரவில் வான்கணிதம். 1607இல் வந்த ஹாலி வால்மீனின் பாதையைப் பழைய குறிப்புகளிலிருந்து கணித்து, 1804இல் அவ்வூர் மருத்துவரும் வானியல் அறிஞருமான ஓல்பர்ஸிடம் காட்டினார். அன்று திறந்தது கதவு. 1810இல் கோனிக்ஸ்பர்க்கில் பேராசிரியரானார். பட்டம் பெறாதவர்! கணித மேதை காஸின் பரிந்துரையால் டாக்டர் பட்டம் அவரைத் தேடி வந்தது. ஆய்வேட்டோடு அல்லாடும் நம்மனோர் பெருமூச்சு விடலாம்.

அவருடைய உண்மையான திறமை பிழைகளை வேட்டையாடுவதில் இருந்தது என்பேன். தொலைநோக்கியின் கோணல், கடிகாரத்தின் தவறு, காற்றில் ஒளி வளைவது, பார்ப்பவர் கண்ணின் தாமதம் ஆகிய அனைத்தையும் அளந்து கழித்தார். கிரீனிச்சில் பிராட்லி எடுத்து வைத்த பழைய அளவுகளையும் இவ்வாறே துலக்கி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களை 1818இல் வெளியிட்டார். 1838இல் 61 சிக்னி என்னும் விண்மீனின் தொலைவை அளந்தறிந்தார்.

இனிச் சிரியஸுக்கு வருவோம். வானில் நேராகச் செல்ல வேண்டிய அது, பாம்புபோல் நெளிந்து சென்றது. நெளிவு மிகமிகச் சிறிது. கருவியின் குற்றமென்று எவரும் தள்ளிவிடலாம். ஆனால் கருவியின் குற்றங்களையெல்லாம் முன்னமே கழித்தவர் பெஸ்ஸல். எஞ்சியது விண்மீனின் அசைவே என்று துணிந்தார். காணாத ஒரு பொருள் அதை இழுக்கிறது. இரண்டும் பொது மையத்தை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. பொருளென்றால் ஒளிவிட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நியதி இல்லையே! புரோசியான் விண்மீனுக்கும் இவ்வாறே துணையுண்டு என்றார். ஐரோப்பியரின் கையா விண்கலம் தந்த அளவுகளால் 2022இல் ஒரு கருந்துளை அகப்பட்டதும் இத்தகைய தள்ளாட்டத்தால்தான்.

அறிவித்த இரண்டாம் ஆண்டில், 1846 மார்ச் 17இல், நோயுற்றிருந்த பெஸ்ஸல் மறைந்தார். 1862 ஜனவரி 31 அன்று அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க், பதினெட்டரை அங்குல வில்லை ஒன்றைச் சோதிக்கச் சிரியஸை நோக்கினார். பேரொளியின் அருகே ஒரு மங்கற்புள்ளி! புரோசியானின் துணை 1896இல் லிக் ஆய்வகத்தில் தென்பட்டது.

சிரியஸின் துணை பூமியளவே உடையது. எடையோ சூரியனை ஒக்கும். இத்தகைய வெண்குள்ள விண்மீன்கள் எவ்வளவு எடைவரை தாங்கும் என்பதைத்தான், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த பத்தொன்பது வயதுச் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது கணக்கிடத் தொடங்கினார்.