ஒப்பீடே ஆதாரம்: தடுப்பூசி முன்னோடி ஹாஃப்கினின் வாழ்க்கை

மும்பை: மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம், காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்ட வால்டெமார் ஹாஃப்கினின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிடும் முறையே அவருக்குப் புகழைத் தந்தது. பின்னர் அவர் மீது விழுந்த பழியைத் துடைக்கவும் அத்தகைய ஒப்பீடே துணை நின்றது.

1860-ஆம் ஆண்டு ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஹாஃப்கின், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் காலரா தடுப்பூசியை உருவாக்கினார். 1892 ஜூலை 18-ஆம் தேதி அதைத் தமக்கே செலுத்திச் சோதித்த அவர், மறு ஆண்டு இந்தியா வந்தார்.

ஊசியின் பயனை அளவிடுவது எளிதாக இருக்கவில்லை. விருப்பமுள்ளோருக்கு மட்டுமே அது போடப்பட்டது. அவர்கள் வசதி படைத்தவர்களாகவோ தூய நீரைப் பருகுபவர்களாகவோ இருந்தால், நோய் அண்டாததற்கு அதுவே காரணமாகலாம். எனவே ஒரே சூழலில் வாழ்ந்தவர்களிடையே ஒப்பீடு செய்யப்பட்டது.

1894-இல் கொல்கத்தாவின் காட்டல் பாகான் குடிசைப் பகுதியில் காலரா பரவியபோது, சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்கு நோய்வாய்ப்பட்ட அனைவரும் ஊசி போடாதவர்களே. 1897-இல் மும்பை பைகுலா சிறையில், தாமாக முன்வந்த கைதிகளுக்குப் பிளேக் தடுப்பூசி செலுத்தப்பட்டது. ஒரே வளாகத்தில் வாழ்ந்த மற்ற கைதிகளுடன் ஒப்பிடுகையில், அவர்களிடையே பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. எனினும் விரும்பி முன்வருவோர் இயல்பிலேயே மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கலாம் என்ற ஐயத்தை இம்முறை முழுவதும் நீக்கிவிடாது.

1902 அக்டோபரில், இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் கிராமமான மால்கோவாலில் பிளேக் ஊசி போட்டுக்கொண்டோரில் 19 பேர் ரணஜன்னியால் உயிரிழந்தனர். விசாரணைக் குழு பரேல் ஆய்வகத்தைக் குறை கூறியது. ஹாஃப்கின் பொறுப்பை இழந்தார்.

ஆனால் இறந்த 19 பேருக்கும் ஒரே புட்டியிலிருந்தே மருந்து செலுத்தப்பட்டிருந்தது. அதே நாளில் பிற புட்டிகளிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 88 பேருக்கு ரணஜன்னி வரவில்லை. எனவே தடுப்பூசி காரணமல்ல என்பது தெளிவானது. அப்புட்டியைத் திறந்த இடுக்கி கிராமத்தில் தரையில் விழுந்ததும், அது முறையாகத் தூய்மை செய்யப்படாததும் கவனத்துக்கு வந்தன. ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் குரல் கொடுத்ததையடுத்து, 1907-இல் ஹாஃப்கின் மீதான பழி நீங்கியது.

மீண்டும் கொல்கத்தாவில் பணியாற்றி ஓய்வுபெற்ற அவரது பெயர், 1925-இல் பரேல் ஆய்வகத்துக்குச் சூட்டப்பட்டது. 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹாஃப்கின் காலமானார்.