நூலும் நூலறிவும்: எலைசா கால்டுவெல் அம்மையார்

சென்னை மெரீனாக் கடற்கரையில் றொபேட் கால்டுவெல் அவர்களுக்கு ஒரு சிலை இருக்கிறது. 1968 இல் இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலை அது. எமது கல்லூரியில் உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாக எடுத்தவர்கள் மட்டுமல்ல, எம்மைப்போல விஞ்ஞானப் பிரிவுக்குப் போனவர்களும் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம். தமிழும் அதன் சகோதர மொழிகளும் வடமொழியின் கிளைகள் அல்ல, தமக்கெனத் தனிக் குடும்பம் உடையவை என்பதைத் தமது ஒப்பிலக்கண நூல் மூலம் 1856 இல் உலகறியச் செய்தவர் அவர். அந்த நூல் உருவான காலத்தில் அதே வீட்டு முற்றத்தில் இன்னொரு நூல் வேலையும் நடந்துகொண்டிருந்தது. அது பருத்தி நூல் வேலை. அதை நடத்தியவர் அவருடைய துணைவியார் எலைசா அம்மையார். அவருக்குக் கடற்கரையில் சிலை இல்லை. பெண்பிள்ளைகளுக்கென எழுந்த ஒரு கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அவர் வாழ்க்கையைச் சொல்வது பொருத்தம் என்று எண்ணி இதனை எழுதுகிறோம்.

எலைசா 1822 இல் நாகர்கோவிலில் பிறந்தார். தந்தை சார்ள்ஸ் மால்ட், தாய் மார்த்தா மால்ட். இருவரும் இலண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள். 1819 இன் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்து, ஏறத்தாழ 35 ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார்கள். பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புவது குடும்பத்துக்கு இழுக்கு என்று ஊர் எண்ணிய காலம். மார்த்தா அம்மையார் அங்கே பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையை நடத்தினார். அந்தப் பாடசாலையின் வழிவந்ததுதான் இன்று நாகர்கோவிலில் உள்ள டதி பெண்கள் பாடசாலை. எமது நாட்டிலும் ஏறக்குறைய இதே காலத்தில்தான், 1824 இல், உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்சிலோ அம்மையார் மகளிர் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். கடலின் இரு கரைகளிலும் தமிழ்ப் பெண்கல்வி ஒரே தசாப்தத்தில் முளைவிட்டது என்பதை எம்மவர் நினைவிற் கொள்ளலாம்.

பாடசாலை தொடங்கினால் போதாது. பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும், உடை கொடுக்க வேண்டும். மகளை அனுப்பினால் வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்லவும் வேண்டும். மார்த்தா அம்மையார் கண்ட வழி றேந்தை. 1821 அளவில் அவர் தொடங்கிய றேந்தை வேலை, பின்னர் நாகர்கோவில் றேந்தை என்று பேர்பெற்றது.

றேந்தை என்ற சொல்லை எமது பாட்டிமார் சாதாரணமாகப் பயன்படுத்தினார்கள். சட்டையின் கழுத்துக்கு றேந்தை, தலையணை உறைக்கு றேந்தை, உள்பாவாடைக்கு றேந்தை. போர்த்துக்கேய மொழியில் ‘றெந்தா’ என்பதே தமிழில் றேந்தையாயிற்று. சிங்களத்திலும் ‘றேந்த’ என்பார்கள். காலியிலும் வெலிகமையிலும் சிங்களப் பெண்கள் ‘பீரலு’ என்னும் சிறு மரக்கட்டைகளைக் கொண்டு செய்யும் றேந்தையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எம்மிற் பலர் கற்றது இரண்டு ஊசியால் செய்யும் கம்பளிப் பின்னலும், ஒரே கொக்கியால் செய்யும் குறோசேயும். இவற்றில் ஓர் உருண்டை நூல் போதும். கட்டை றேந்தையின் முறை வேறு. இறுக்கமாக அடைத்த ஒரு தலையணையின் மேல், துளையிட்ட மாதிரித்தாளை வைத்துக் குண்டூசிகளால் குத்துவார்கள். ஒவ்வொரு நூலும் ஒரு சிறு கட்டையிற் சுற்றப்பட்டிருக்கும். கட்டைகள் சோடி சோடியாகத் தொங்கும். சாதாரண கரைக்கே பல சோடிகள் வேண்டும். அகலமான வேலைக்கு நூற்றுக்கு மேலும் போகும். ஆனால் கை செய்யும் அசைவு இரண்டே இரண்டு. ஒரு நூலை மற்றதன் மேலாகக் கடத்துதல், ஒரு சோடியைத் தமக்குள் முறுக்குதல். எத்தனை பூ, எத்தனை இலை வந்தாலும் அவை அனைத்தும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன. நூல்கள் கூடும் இடங்களை ஊசி பிடித்துக்கொள்ளும். பின்னல் தன்னைத் தானே தாங்கும் நிலை வந்ததும் ஊசியைக் கழற்றி முன்னே குத்துவார்கள். எண்ணத் தெரியாத பிள்ளை இதைச் செய்ய முடியாது. பொறுமை இல்லாத பிள்ளையும் செய்ய முடியாது. வெள்ளை நூல் அழுக்கை உடனே காட்டிவிடும் ஆகையால், கை கழுவாத பிள்ளையும் செய்ய முடியாது. வைத்தியர்களாகிய எமக்கு இந்தக் கடைசி விதி மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த றேந்தை யாருடைய கைகளில் பிறந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் முக்கிய இடம். அக்காலத் திருவிதாங்கூரில் மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்கும் அடிமைமுறை இருந்தது. 1855 இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. மார்த்தா அம்மையாரின் பாடசாலையில் அடிமைக் குடும்பங்களின் பெண்களும் இருந்தார்கள். அவர்களிற் சிலர் றேந்தை விற்ற காசைச் சேர்த்துத் தமது விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். ஒரு பெண், தன் விரல்களால் முறுக்கிய நூலைக் கொண்டு தன்னையே மீட்டெடுத்தாள் என்பதைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்கு என்று நாம் இலேசாகச் சொல்லும் கைவேலை, அவளுக்கு விடுதலைப் பத்திரமாக இருந்தது.

அதே நாட்டில், தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. குப்பாயம் எனப்படும் மேற்சட்டை அணிந்த பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். 1829 இல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம், மேலாடை அணியக்கூடாது என்று அரச ஆணை வந்தது. கலவரங்கள் ஓயவில்லை. 1859 இல் வந்த அரச பிரகடனமே மார்பை மறைக்கும் உரிமையைச் சாணார் பெண்கள் எல்லோருக்கும் அளித்தது. அதிலும் உயர்சாதியாரைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. தையல் வகுப்பில் ஊசி பிடிக்கப் பழகுவது அந்தச் சூழலில் சாதாரண காரியம் அல்ல. எலைசா குழந்தையாக இருந்து வளர்ந்தது இந்தச் சூழலில்தான். ஊர்ப் பெண்கள் பேசிய தமிழே அவர் காதில் விழுந்த தமிழ். பிறந்த ஊரின் பிள்ளையைப்போலத் தமிழ் பேசினார்.

1844 இல் அவர் றொபேட் கால்டுவெலை மணந்து இடையன்குடிக்குப் போனார். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மண் தேரிக்காட்டின் நடுவில், பனையை நம்பி வாழ்ந்த ஊர். பனை ஏறுவதும் பதநீர் இறக்குவதும் ஆண்களின் வேலை. அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது பெண்களின் வேலை. யாழ்ப்பாணத்துப் பனங்காடுகளை அறிந்த எம்மவருக்கு அந்த வாழ்வின் உழைப்பும் வறுமையும் விளங்கும். பனை பருவம் முடிந்தால் கையிற் காசு இல்லை.

அங்கே எலைசா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நடத்தினார். தாயிடம் கண்ட வழியையே மகளும் பின்பற்றினார். காலையில் எழுத்தும் எண்ணும், மற்ற வேளையில் றேந்தைத் தலையணை. பனையோலையில் பாய் பின்னிப் பழகிய விரல்களுக்குப் பின்னல் அந்நியம் அல்ல. பருவம் பார்க்காத வருமானம் முதன்முறையாகப் பெண்களின் கைக்கு வந்தது. திருமணமாகிப் போன பின்னும் தலையணையையும் கட்டைகளையும் கொண்டுபோய் வீட்டுத் திண்ணையிலிருந்தே வேலை செய்யலாம். இடையன்குடியின் பெயரோடு றேந்தையின் பெயரும் தலைமுறைகளாக ஒட்டிக்கொண்டது.

கணவரின் தமிழுக்கும் அவர் துணையாக இருந்தார். கால்டுவெல் 1838 இல் சென்னைக்கு வந்து, நூல்கள் மூலமும் ஆசிரியர்கள் மூலமும் தமிழ் கற்றவர். வீட்டிலும் வயலிலும் வழங்கும் பேச்சுத் தமிழ் எலைசாவுக்குப் பிறப்பிலேயே வந்தது. பெண்களின் நடுவே இருந்து பேசும் வாய்ப்பும் அவருக்கே இருந்தது. மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் அறிஞர் ஒருவருக்கு இப்படி ஒருவர் வீட்டில் இருப்பது எத்தகைய பேறு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் மிஷன் சங்கங்களின் சம்பளப் பட்டியலில் மிஷனரியின் மனைவிக்கு இடம் இருக்கவில்லை. அரை நூற்றாண்டு உழைத்தவர், பதிவேட்டில் இன்னாரின் மனைவி மாத்திரமே.

1876 இல் தொடங்கிய பெரும் பஞ்சம் தென்னிந்தியாவை 1878 வரை வாட்டியது. திருநெல்வேலியிலிருந்தும் அயல் மாவட்டங்களிலிருந்தும் பெருந்தொகையானோர் பிழைப்புத் தேடி இலங்கைக்கு வந்தார்கள். எமது மலையகக் குடும்பங்கள் பலவற்றின் கதையிலும், தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்து கொட்டாஞ்சேனைப் பகுதியிற் குடியேறியவர்களின் கதையிலும் அந்தக் கரையின் பசியும் கடலும் கலந்திருக்கின்றன. 1877 இல் ஆயராக அபிஷேகம் பெற்ற கால்டுவெல் பஞ்ச நிவாரணத்தில் ஈடுபட்டார். அவர் 1847 இல் கட்டத் தொடங்கிய இடையன்குடி ஆலயம் 33 ஆண்டுகளின் பின் 1880 இல்தான் நிறைவுபெற்றது. 1883 இல் இருவரும் தூத்துக்குடிக்கு இடம் மாறினார்கள். 1891 இல் கால்டுவெல் கொடைக்கானலில் காலமாகி இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எலைசா அம்மையார் 1899 இல் மறைந்தார். அவர்களுடைய மகள் இசபெல்லாவும் மிஷனரியான வயற் என்பவரை மணந்து, அதே பணிவாழ்வைத் தொடர்ந்தார். பாட்டி, மகள், பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்கள் தமிழ் மண்ணில் உழைத்தார்கள்.

இந்த வாழ்க்கையைப் புகழ்ந்து மட்டும் முடிப்பது நியாயமாகாது. அந்த றேந்தையைச் செய்த பெண்கள் அதை அணியவில்லை. அது ஐரோப்பியப் பெண்களின் ஆடைக்குப் போனது. விலையை நிர்ணயித்தவர்களும் அவர்கள் அல்லர். நாள் முழுதும் குனிந்து நுண்ணிய நூலைப் பார்ப்பவரின் கண்ணும் கழுத்தும் படும் பாட்டை எமது வைத்தியசாலைகளில் நாம் அன்றாடம் காண்கிறோம். கருணையோடு கொடுத்த வேலையானாலும் கூலி கூலிதான். இவற்றை அறிந்துகொண்டும், எதுவுமே தமதென்று இல்லாதிருந்த பெண்களின் கையில் முதற்காசை வைத்த செயலின் பெறுமதியை நாம் குறைக்க முடியாது. இரண்டும் உண்மை.

எமது கொழும்புக்கும் நூலுக்கும் உறவு பழையது. வெள்ளவத்தையில் நூற்பு நெசவாலை இயங்கிய காலத்தை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1933 இல் அங்கு நடந்த வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. 1927 இல் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது கதர் நிதிக்காகவே வந்தார். தொண்ணூறுகளில் படித்த எமது வகுப்புக்கும் தையற்பாடம் இருந்தது. ஊரடங்கு நாட்களில் வீட்டில் அடைபட்ட எம்மிற் பலருக்குக் குறோசேக் கொக்கி நல்ல துணையாயிற்று. அப்போது அது பரீட்சைக்கு உதவாத பாடம் என்று எண்ணியவர்களும் உண்டு. இன்று தையல் போடும் சத்திரசிகிச்சையாளர்களாகவும், தாதியராகவும், பேரப்பிள்ளைக்குக் காலுறை பின்னும் அம்மம்மாக்களாகவும் இருப்பவர்கள் வேறுவிதமாக எண்ணக்கூடும். எமது முதிய நோயாளிகள் சிலருக்கு நாம் மாத்திரையோடு பின்னலையும் பரிந்துரைப்பதுண்டு. விரலுக்கு அசைவு, மனதுக்கு எண்ணிக்கை, மாலையில் கையில் ஒரு முடிந்த வேலை. அரை மணிக்கொரு தடவை எழுந்து கழுத்தையும் தோளையும் அசைத்துக்கொள்ள வேண்டும், நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ரொறன்ரோவிலும், இலண்டனிலும், மெல்போர்ணிலும், இங்கே வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளிலும் இந்த மலரைப் புரட்டும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டியின் அடியில் அம்மாவோ அம்மம்மாவோ பின்னிய ஒரு றேந்தைத் துண்டு, ஒரு மேசைவிரிப்பு, ஒரு குழந்தைத் தொப்பி இருக்கும். அதை எடுத்து வெயிலில் உலர்த்துங்கள். ஒரு சிறு துண்டுத் துணியில் பின்னியவரின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி அதன் பின்புறத்தில் தைத்து வையுங்கள். நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் தம்மை மீட்டெடுத்த பெண்களின் றேந்தையில் அவர்கள் பெயர் இல்லை. எம் தாய்மாரின் வேலையாவது பெயரோடு இருக்கட்டும். பிறகு, பக்கத்தில் உள்ள ஒரு சிறு பிள்ளைக்கு, பெண்ணானாலும் ஆணானாலும், முதற் கண்ணியைப் போடச் சொல்லிக்கொடுங்கள்.

பெண்பிள்ளைக்கு எழுத்தறிவையும் சொந்தக் காலில் நிற்கும் தொழிலறிவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று எலைசா அம்மையார் தமது ஊரில் செய்ததை, எமது கல்லூரி நூறு ஆண்டுகளாக எமக்குச் செய்து வந்திருக்கிறது. அந்தத் தொண்டு மேலும் பல தலைமுறைக்குத் தொடர வேண்டுமென்று வாழ்த்துகிறோம்.